பவளத் தொட்டியில் ஆல்கலினிட்டி அசையாமல் நிற்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறைகளில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் கல் பவளம் வளர்க்க ஆசைப்படும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. பவளம் வாங்கப் போகிறவர்களும், வாங்கிய மூன்றாம் மாதத்தில் அதன் நுனி வெளுத்து அடிச்சதை உரிந்துபோகக் காரணம் தெரியாமல் நிற்பவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கல் பவளங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டு உடன்பாடான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கடைகளில் விற்கும் துண்டுகளில் பல இந்தோனேசியக் கடலிலிருந்து வருபவை. நம் தீவைச் சுற்றியுள்ள கடலிலேயே ஏறத்தாழ 250 வகைக் கல் பவளங்கள் வாழ்கின்றன. 100,000 பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் 2024-ல் தொடங்கியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு துண்டாக நட்டு வளர்க்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் அதே உயிரை அறியாமையால் சாகவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அதிலும் பெரும்பாலான சாவுகளை 15 நிமிடச் சோதனையும் ஒரு குறிப்பேடும் தடுத்துவிடும்.

அந்தச் சோதனை ஆல்கலினிட்டிக்கானது. கடல்நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும், சிறிதளவு போரேட்டும் சேர்ந்து எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதே ஆல்கலினிட்டி. தொட்டிக்காரர்கள் இதை டிகேஎச் என்ற அலகில் சொல்வார்கள். 1 டிகேஎச் என்பது 17.9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.9 பங்கு) கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இயற்கைக் கடல்நீரில் இது 7-ஐ ஒட்டி இருக்கும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் இறங்கும்போது கால்சியம் 20 பிபிஎம் இறங்கும். 1 டிகேஎச்சுக்கு ஏறத்தாழ 7 பிபிஎம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கால்சியத்தைப் பற்றியே பேச, நான் ஆல்கலினிட்டியைப் பிடித்துக்கொள்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கால்சியம் பெரிய அண்டா, ஆல்கலினிட்டி சின்னச் சொம்பு. இரண்டிலிருந்தும் பவளம் ஒரே கரண்டியால்தான் மொள்கிறது. 420 பிபிஎம் கால்சியமும் 8 டிகேஎச்சும் உள்ள தொட்டி நாளுக்கு 1 டிகேஎச் நுகர்ந்தால், மூன்று நாளில் கால்சியம் 399-க்கு வரும். சாதாரணச் சோதனைப் பெட்டியில் அந்த வேறுபாடு சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஆல்கலினிட்டியோ 5-க்கு வந்துவிடும். பவளம் அதற்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும்.

எந்த எண்ணில் நிறுத்துவது? 7 முதல் 11 வரை எதை வேண்டுமானாலும் சொல்லும் ஆட்கள் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு 7.5-க்கும் 9-க்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்து அங்கேயே நிற்கச் சொல்வேன். 8-ல் நிற்கும் தொட்டியும் 8.8-ல் நிற்கும் தொட்டியும் நன்றாகவே இருக்கும். திங்களன்று 7, புதனன்று 9.5, சனியன்று 7.5 என்று ஆடும் தொட்டியில்தான் அக்ரோபோரா, யூஃபிலியா போன்ற கல் பவளங்களில் முதலாவது உரிகிறது, இரண்டாவது சுருங்குகிறது. ஒரு நாளில் 0.5 டிகேஎச்சுக்கு மேல் அசையவிடாதீர்கள். 11, 12 என்று உயர்த்தினால் வேகமாக வளரும் என்பது பாதி உண்மை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்தை ஒட்டி வைத்துக்கொண்டு ஆல்கலினிட்டியை மட்டும் உயர்த்தினால் எலும்புக்கூடு வளரும் வேகத்துக்குச் சதை ஈடுகொடுக்காமல் நுனி கருகும். பம்புகளிலும் சுண்ணாம்புப் படிவு ஏறும்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் நடக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். இரவெல்லாம் சன்னல் சாத்தி ஏர்கான் போட்ட அறையில், மனிதர் மூச்சால் கரியமில வாயு ஏறும். அது தொட்டிநீரில் கரைந்து, நீரின் அமில-காரநிலையைக் காட்டும் பிஎச்சை 7.8-க்கு இறக்கும். பிஎச் குறைகிறதே என்று கடைக்குப் போனால் ஒரு டப்பா 'பஃபர்' கிடைக்கும். அதைப் போட்டால் பிஎச் சிறிது நேரம் ஏறி, மறுநாள் பழையபடி இறங்கும்; ஆல்கலினிட்டி மட்டும் ஒவ்வொரு கரண்டிக்கும் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் 12-ஐத் தொட்டுவிடும். கரியமில வாயு கூடினாலும் குறைந்தாலும் பிஎச்தான் மாறும், ஆல்கலினிட்டி மாறாது. ஆகவே பிஎச் குறைவுக்கு மருந்து காற்று. காற்றுக்குமிழிகளால் கழிவை நுரையாக நீக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். முடியாவிட்டால் அந்தக் குழாயில் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் துகள் நிரப்பிய குடுவையைப் பொருத்துங்கள். நாளுக்கு இரண்டு வேளை சன்னலைத் திறந்தாலே பல வீடுகளில் போதும். பிஎச் 7.9-ல் இருந்தாலும் ஆல்கலினிட்டி நிலையாக நின்றால் பவளம் வளரும். பஃபர் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவிடல். நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். விளக்கு எரிவதற்கு முன்பான காலை நேரம் நல்லது. விளக்கு எரியும் வேளையில் பவளம் அதிகம் நுகர்வதால், ஒருநாள் காலையிலும் மறுநாள் இரவிலும் எடுத்த எண்களை ஒப்பிடுவது வீண். டோஸ், அதாவது நுகர்வை ஈடுகட்ட விடும் மருந்துக் கரைசல், விழுந்த உடனேயும் சோதிக்காதீர்கள். நன்னீர் மீன்தொட்டிக்கென விற்கும் சொட்டுப் பெட்டியில் ஒரு சொட்டுக்கு 1 டிகேஎச். அது பவளத்துக்குப் போதாது. மாதிரி நீரை இருமடங்காக எடுத்தால் ஒரு சொட்டு 0.5 ஆகும், அவசரத்துக்கு உதவும். சிரிஞ்சால் அளக்கும் பெட்டியாக இருந்தால் முனையில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. நிறம் மாறும் கட்டத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஹன்னா நிறுவனத்தின் கையடக்க நிறமானியை (நீரின் நிறத்தை ஒளியால் அளந்து எண் காட்டும் கருவி)ப் பலர் வைத்திருக்கிறார்கள். அதன் துல்லியம் 0.3 டிகேஎச்சும் அளவின் 5 விழுக்காடும் சேர்ந்தது. 8 என்று காட்டினால் உண்மை 7.3-க்கும் 8.7-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே ஒற்றை எண்ணைக் கண்டு பதறாமல் நான்கைந்து எண்களின் போக்கைப் பார்க்க வேண்டும். குப்பிக் கண்ணாடியில் விரல்ரேகை இருந்தாலே எண் மாறும், துடைத்துவிட்டு வையுங்கள்.

பெட்டி சரியாகச் சொல்கிறதா என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம். தூய சோடியம் பைகார்பனேட் 2.4 கிராம் எடுத்து, சவ்வும் பிசினும் வழியாக வடித்த தூய நீரான ஆர்ஓ-டிஐ தண்ணீர் 1 லிட்டரில் கரையுங்கள். அதிலிருந்து 100 மில்லி எடுத்து, மீண்டும் தூய தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். இந்த நீர் 8 டிகேஎச். சிரிஞ்சு, சொட்டு வகைப் பெட்டிகளுக்கு இது பொருந்தும். 8.6 காட்டினால் உங்கள் பெட்டி 0.6 கூடுதலாகச் சொல்கிறது என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். கடல்நீருக்கென அமைத்த நிறமானிக்கு இந்த நன்னீர்க் கரைசல் உதவாது. அதற்கென அளவு தெரிந்து விற்கும் தரநீரைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிய பெட்டி வாங்கினால் பழையது தீரும் முன் இரண்டிலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெட்டி மாறிய நாளில் 'ஆல்க் இறங்கிவிட்டது' என்று மருந்தை ஊற்றித் தொட்டியைக் கெடுத்தவர்கள் நிறைய.

உப்புச் செறிவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 பாகையில் ஒப்படர்த்தி 1.026 என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். 35-லிருந்து 33-க்கு இறங்கினாலே ஆல்கலினிட்டியும் கால்சியமும் கிட்டத்தட்ட 6 விழுக்காடு குறைந்து தெரியும். அங்கே மருந்து தேவையில்லை, உப்புதான் தேவை. அதேபோல் மக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம் வரை இருக்க வேண்டும். நீரில் கால்சியம் கார்பனேட் தானாகப் படிந்துவிடாமல் தடுப்பது மக்னீசியம். அது 1,200-க்குக் கீழே போனால் எவ்வளவு ஊற்றினாலும் ஆல்கலினிட்டி நிற்காது. ஊற்றியதெல்லாம் பம்பிலும் மணலிலும் வெள்ளையாக ஒட்டும்.

இனி முக்கியமான வேலை: உங்கள் தொட்டியின் அன்றாட நுகர்வைக் கண்டுபிடிப்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து ஊற்றவே கூடாது. தொட்டியில் நிற்கும் உண்மையான நீரளவு வேண்டும். 90-க்கு 45-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி என்றால் கணக்குப்படி 182 லிட்டர். பாறை, மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் 140-ஐ ஒட்டித்தான் நிற்கும். அத்துடன் தொட்டிக்குக் கீழே உள்ள துணைத்தொட்டியான சம்ப்பில் ஓடும் நீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள்களுக்கு எந்த மருந்தும் விடாதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள்; ஆவியாகும் நீருக்கு மட்டும் ஆர்ஓ-டிஐ தண்ணீர் விடுங்கள். திங்கள் காலை 8.6, வியாழன் காலை 7.1 என்றால் மூன்று நாளில் 1.5, நாளுக்கு 0.5 டிகேஎச். எண் 7-ஐத் தொட்டால் நாள் மிச்சமிருந்தாலும் சோதனையை நிறுத்திவிடுங்கள். மூன்று நாளில் எண் அசையவே இல்லை என்றால் உங்களுக்கு டோசிங் (நாள்தோறும் மருந்து விடுவது) தேவையில்லை. வாரம் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுவதே ஈடுகட்டும். சோன்தஸ், காளான் பவளம் போன்ற மென் பவளம் மட்டும் உள்ள தொட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மருந்தை வீட்டிலேயே செய்யலாம், விலை மிகக் குறைவு. 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். இது நம் சமையலறை ஆப்ப சோடாதான். பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. பேக்கிங் பவுடர் முற்றிலும் வேறு. அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், தொட்டியின் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். 80 கிராம் ஆப்ப சோடாவை 1 லிட்டர் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரையுங்கள். கரைய நேரமெடுக்கும், இடையிடையே குலுக்கிக் கொடுத்தால் தெளிந்துவிடும். இந்தக் கரைசலில் 37.5 மில்லி, 100 லிட்டர் நீரை 1 டிகேஎச் உயர்த்தும். இன்னொரு புட்டியில் 70 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை 1 லிட்டரில் கரைத்துக்கொள்ளுங்கள். கரையும்போது சூடாகும், மூடியை இறுக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகப் பொருந்தும்படி கணக்கிட்ட அளவு. இதிலிருந்து எத்தனை மில்லி விடுகிறீர்களோ அதிலிருந்தும் அத்தனை மில்லி. உணவுத் தரம் அல்லது மீன்தொட்டித் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவிலும் கால்சியம் குளோரைடு இருக்கும். அதன் தூய்மைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பிஎச் எப்போதும் தாழ்வாக இருக்கும் வீடுகளில் ஆப்ப சோடாவைச் சுட்டுப் பயன்படுத்துவது நல்லது. தட்டில் மெல்லியதாகப் பரப்பி 200 பாகை அவனில் ஒரு மணி நேரம் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட்டாக மாறும். 80 கிராம் ஏறத்தாழ 50 கிராம் ஆகும். எடைபோட்டுப் பார்த்தால் சரியாகச் சுட்டதா என்று தெரிந்துவிடும். அந்த 50 கிராமை 1 லிட்டரில் கரைத்தால் முந்தைய கரைசலின் அதே வலிமை. இது பிஎச்சைச் சற்று ஏற்றும். சுடாதது சற்று இறக்கும். கடையில் விற்கும் சலவைச் சோடாவை இதற்கு ஈடாக எடுக்காதீர்கள். அதில் நீர் சேர்ந்திருப்பதால் எடைக்கணக்கு பொருந்தாது, தூய்மையும் தெரியாது.

மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டி நாளுக்கு 0.5 நுகர்கிறது. எனவே நாளுக்கு 37.5 மில்லி சோடாக் கரைசல், 37.5 மில்லி கால்சியக் கரைசல். சோதனை முடிந்தபோது எண் 7.1-ல் நிற்கிறது, அதை 8.3-க்கு ஏற்ற மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளும் சோடா மட்டும் 30 மில்லி கூடுதல், ஆக 67.5 மில்லி. ஒரே மாலையில் 1.2 டிகேஎச்சையும் ஏற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று படுக்கப் போனால், பவளத்துக்கு அது சரிவைவிடப் பெரிய அடி. இறக்கத்தைக்கூடப் பவளம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். திடீர் ஏற்றத்தை அப்படிப் பொறுப்பதில்லை.

இரண்டு கரைசலையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடக் கூடாது. இரண்டும் சந்தித்தால் அங்கேயே சுண்ணாம்பாகிப் பால்போலக் கலங்கும். ஊற்றிய இரண்டும் பவளத்துக்குப் பயன்படாது. சம்ப்பில் நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் சோடாவை மெதுவாக விட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துக் கால்சியத்தை விடுங்கள். கையால் விடுபவர்கள் காலையும் இரவுமாகப் பிரிப்பது நல்லது. நுகர்வு நாளுக்கு 1 டிகேஎச்சை நெருங்கினால் டோசிங் பம்ப் வாங்கிவிடுங்கள். நாளின் டோசை 12 கூறாக்கி, ஒற்றைப்படை மணியில் சோடா, இரட்டைப்படை மணியில் கால்சியம் என்று வைத்தால் எண் அசையவே அசையாது.

பம்ப் வாங்கியதும் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உள்ளே உருளையால் நசுக்கப்படும் ரப்பர் குழாய் நாளடைவில் தளர்ந்து, 10 மில்லிக்குப் பதில் 8 மில்லி தள்ளும். மாதம் ஒருமுறை அளவுக்குடுவையில் 10 மில்லி விட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். சோடாக் குழாயின் முனையில் வெள்ளைப் படிவு அடைக்கும். வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. கரைசல் புட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, பம்பின் உருளையும் தளர்ந்திருந்தால், புட்டி முழுவதும் தானாகச் சம்ப்புக்குள் வடிந்துவிடும். முனையை நீருக்கு மேலே கிளிப் போட்டு நிறுத்துங்கள், புட்டியைத் தரையில் வையுங்கள். புட்டியில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் நிரப்புவதும் ஒரு காப்பு. நம் கணக்குத் தொட்டிக்கு அது 260 மில்லி சொச்சம். மொத்தமும் கொட்டினால் ஏற்றம் 3.5 டிகேஎச். கெடுதிதான், ஆனால் மீள வழியுண்டு. 5 லிட்டர் கலன் கொட்டினால் மீள்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படி அளவு மீறிவிட்டால் அமிலம் எதையும் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள். டோசிங்கை நிறுத்துங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், நுகர்வால் எண் தானாக இறங்கட்டும். நீர் பால்போலக் கலங்கி பிஎச் 8.6-ஐத் தாண்டினால் மட்டும் தண்ணீர் மாற்றம். அதற்கும் ஆல்கலினிட்டி தாழ்வான உப்பில் கலந்த நீராக வேண்டும்.

இந்த இரட்டைக் கரைசல் முறை தொட்டியில் கறியுப்பை மிச்சம் வைக்கிறது. நம் தொட்டியில் நாளுக்கு ஏறத்தாழ 2 கிராம், மாதத்துக்கு 63 கிராம். 200 லிட்டரில் அது உப்புச் செறிவை 0.3 பிபிடி உயர்த்தும். ஆகவே வாரந்தோறும் செறிவை அளந்து, தண்ணீர் மாற்றும்போது திருத்திக்கொள்ள வேண்டும்.

உப்பு சேராத முறை சுண்ணாம்பு நீர். கால்சியம் ஹைட்ராக்சைடை லிட்டருக்கு 1.5 கிராம் அளவில் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டுச்சொட்டாக விடுவது. அதன் 1 லிட்டர், 100 லிட்டர் தொட்டிநீரை ஏறத்தாழ 1.1 டிகேஎச் உயர்த்தும். கால்சியமும் சரியான விகிதத்தில் சேரும். கரியமில வாயுவை உறிஞ்சிப் பிஎச்சையும் தூக்கும். ஏர்கான் அறைத் தொட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியவில்லை. நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகும் 200 லிட்டர் தொட்டியின் 0.5 நுகர்வை 0.9 லிட்டர் சுண்ணாம்பு நீரே ஈடுகட்டிவிடும், மீதிக்கு வெறும் தண்ணீர். ஆனால் இதன் பிஎச் 12.4. மொத்தமாகக் கொட்டினால் மீனும் பவளமும் சேர்ந்து சாகும். தானியங்கி நீர்நிரப்பியோடு இணைப்பவர்கள், மிதவை சிக்கிக்கொண்டாலும் நாளின் அளவுக்கு மேல் போகாதபடி கலனைச் சிறிதாக வையுங்கள். கலனை மூடியே வைக்க வேண்டும். திறந்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு படிந்து வலிமை குறையும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கலக்குங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேண்டாம். அது ஈரக்களிம்பு, எடையும் தெரியாது, கலப்பும் தெரியாது. கால்சியம் ரியாக்டர் பெரிய தொட்டிக்காரர்களுக்கானது, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் மாற்றமும் எண்ணை ஆட்டும். சில உப்புகள் கலந்தவுடன் 8 காட்டும், சில 11, 12 காட்டும். 8-ல் நிற்கும் தொட்டியில் 11.5 உள்ள நீரை 10 விழுக்காடு மாற்றினால் 8.35, 30 விழுக்காடு மாற்றினால் 9.05. முதலாவது பரவாயில்லை, இரண்டாவது பவளத்துக்கு அடி. நீங்கள் நிறுத்தும் எண்ணுக்கு அருகில் கலக்கும் உப்பை வாங்கி, மாற்றாமல் அதையே பயன்படுத்துங்கள். வாளி அடியில் கனமான துகள் தங்கும். மூடியபடி உருட்டிக் கலந்த பிறகு அள்ளுங்கள். குழாய்நீரை அப்படியே விடாதீர்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீரில் குளோரமின் இருக்கும். அது நீரை வைத்திருந்தாலோ கொதிக்கவைத்தாலோ எளிதில் போகாது. கார்பன் வடிப்பானும் டிஐ பிசினும் கொண்ட ஆர்ஓ கருவி வேண்டும், வெளிவரும் நீரில் கரைந்த பொருள்களின் அளவான டிடிஎஸ் பூஜ்யம் காட்ட வேண்டும்.

டோஸ் ஒரே அளவில் போய்க்கொண்டிருக்கும்போது எண் மாறத் தொடங்கினால் தொட்டி ஏதோ சொல்கிறது என்று பொருள். மெல்ல இறங்கினால் பவளம் வளர்ந்து நுகர்வு கூடியிருக்கிறது. டோசை ஒருமுறைக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல், மூன்று நாள் கழித்துச் சோதியுங்கள். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும் தொட்டியிலும் ஆல்கலினிட்டி இறங்கும்: மீன்கழிவிலிருந்து 50 பிபிஎம் நைட்ரேட் சேர்ந்தால் அதனாலேயே 2.3 டிகேஎச் போயிருக்கும். எண் ஏறத் தொடங்கினால் இன்னும் கவனம் தேவை. பவளம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டது என்பதுதான் பெரும்பாலும் பொருள். சதை உரிவதற்கு முன்பே கிடைக்கும் முதல் எச்சரிக்கை இது. டோசைக் குறைத்துவிட்டு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறதா, வெப்பம் 25-27 பாகைக்குள் இருக்கிறதா, உப்புச் செறிவு சரியா, பாஸ்பேட் ஏறியிருக்கிறதா அல்லது முற்றாக வற்றிவிட்டதா என்று அதே மணி நேரத்தில் பாருங்கள். இதற்காகத்தான் குறிப்பேடு வேண்டும் என்கிறேன்: தேதி, நேரம், எண், டோஸ் அளவு, நான்கே கட்டம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எதையும் மாற்றாதீர்கள். புதிய பவளம், புதிய உப்பு, புதிய விளக்கு எதுவும் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ பணிப்பெண்ணிடமோ மருந்துப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மீனுணவைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள், ஆர்ஓ தண்ணீர்க் கலனைக் காட்டுங்கள், போதும். பம்ப் நின்றுபோனாலும் எண் இறங்க இறங்க நுகர்வும் மெதுவாகும். திரும்பி வந்து நாளுக்கு 0.4 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பவளத்தைப் பையில் கட்டிக் கொடுக்கும்போது உங்கள் தொட்டியின் அன்றைய ஆல்கலினிட்டி, உப்புச் செறிவு, வெப்பம் மூன்றையும் பையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள். உங்களிடம் 11, வாங்குபவர் வீட்டில் 7.5 என்றால் ஒரு மணி நேரம் சொட்டுநீர் விட்டுப் பழக்குவதால் அந்த இடைவெளி நிரம்பாது. அவருக்கு அந்தத் துண்டை அன்று விற்காமல் இருப்பதே சரி. வாங்குவோரும் கேட்டுப் பழக வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் ஆல்கலினிட்டி 0.5-க்குள் நின்ற குறிப்பு கையில் இல்லாதவர் அக்ரோபோரா, மான்டிபோரா பக்கம் போகாமல், ஒரு சிறிய மென் பவளத்துடன் தொடங்கட்டும். சோதனைப் பெட்டிக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பவளம் வாங்கட்டும்.

இப்படிக்கு,
பவளத் தொட்டி வளர்க்கும் வாசகர்,
தெம்பனிஸ்